மெஷின் தொடக்கூடாத பட்டியல்

கண்டி நகரத்தில் தானாக நடக்கும் எந்தக் காரியத்தின் மீதும் நம்பிக்கை இல்லாத ஒரே மனிதர் ஸ்கிப் அண்ணன்தான். காலையில் சூரியன் தானாக உதிப்பதைக்கூட அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்காக அந்தக் கண்ணாடிக் கதவைச் சொல்கிறேன். நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு கடைத்தொகுதியின் வாசலில் அது இருந்தது. ஆள் கிட்டே போனால் இரண்டு பக்கமும் தானாக விலகும். எங்களோடு வேலை செய்யும் ரிஸ்னா உள்ளே போனாள். நானும் போனேன். ஸ்கிப் அண்ணன் வெளியே நின்று, கதவு மூடும்வரை காத்திருந்து, பிறகு கைப்பிடியைத் தேடினார். அவர் கிட்டே வந்ததும் கதவு விலகியது. உடனே பின்வாங்கினார். அது மூடியது. மறுபடி வந்து தேடினார். நாலைந்து தடவை பார்த்துக்கொண்டிருந்த காவலாளி பொறுக்கமுடியாமல், "மல்லி, ஏக இபேம எரெனவா" என்றார் சிங்களத்தில். தம்பி, அது தானாகவே திறக்கும் என்று அர்த்தம்.

"ஏக தமய் பய" என்றார் நம்மவர். அதுதான் பயம் என்று அர்த்தம். கடைசியில் சாமான் இறக்குகிற பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார். அங்கே தாழ்ப்பாள் வைத்த மரக்கதவு இருந்ததாம்.

பிறந்தநாள் வாழ்த்து விஷயத்திலும் இதே கதைதான். இப்போதெல்லாம் யாருக்குப் பிறந்தநாள் என்று ஃபோனே சொல்கிறது, வாழ்த்தையும் அதுவே எழுதித் தருகிறது, நாம் விரலை வைத்தால் போதும். ஸ்கிப் அண்ணன் விரலை வைக்க மாட்டார். என் பிறந்தநாளுக்கு அவரிடமிருந்து பதினொரு வரியில் ஒரு செய்தி வந்தது. அதில் பாதிக்கு மேல் நான் கீபோர்டில் பிளேன்டீ ஊற்றிய வரலாறு. கடைசி வரியில், "ஆனாலும் நல்லா இருங்க தம்பி" என்று இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த முப்பது கேக் படங்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

நாங்கள் மூன்று பேர். கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரியின் மேல்மாடிதான் எங்கள் காரியாலயம். மீன் பணிஸ் வேகும் வாசம் படியேறி வரும் நேரங்களில் வேலை நடக்காது. மற்ற நேரங்களிலும் பெரிதாக நடந்தது என்று சொல்லமாட்டேன். மடவளையிலிருந்து வரும் ரிஸ்னா படம் வரைவாள். நான் நிரல் எழுதுவேன். தெல்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஸ்கிப் அண்ணன் ஃபைல் எழுதுவார்.

கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டுகிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவரைச் சாப்பாட்டுக்கு எழுந்து வரவிடாமல் வைத்திருக்கும். அதற்குள் நாமே புதிய பொருள்களைச் செய்து செருகலாம். அப்படிச் செருகுவதற்குத்தான் மொட் என்று பெயர். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தேயிலைத் தோட்ட மொட். மலை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம், தண்ணீர் பிடிக்கும் பீலி, ஃபேக்டரி, தொரை பங்களா எல்லாம் உண்டு.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு பொருளைச் சேர்த்தால் மட்டும் போதாது. அது எப்படித் தெரியவேண்டும், அதை எப்படிச் செய்வது, அதை உடைத்தால் கையில் என்ன விழும் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று சின்ன ஃபைல் வேண்டும். நூறு பொருளுக்கு முந்நூறு ஃபைல். எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி, பெயர்தான் மாறும். புத்தியுள்ளவர்கள் இதைக் கையால் எழுதமாட்டார்கள். எல்லா ஃபைலையும் தானாக எழுதித்தள்ளும் ஒரு நிரலை எழுதிவிடுவார்கள். நானும் எழுதினேன். அதற்கு மெஷின் என்று பெயர் வைத்தேன். ஒரு பட்டனை அமுக்கினால் முந்நூறு ஃபைலும் கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழும். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மெஷினுக்குத் தெரிந்த வேதாந்தம் ஒன்றே ஒன்றுதான். எதை உடைத்தாலும் அதுவே கையில் விழும். கல்லை உடைத்தால் கல், கதவை உடைத்தால் கதவு.

முதல் நாள் மெஷினை ஓடவிட்டு, பெருமையோடு ஸ்கிப் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விளையாட்டுக்குள் போய் ஒரு தேயிலைச் செடியைத் தட்டினார். செடி மறைந்து பைக்குள் போனது.

"தம்பி, செடியத் தட்டினா செடியே கையில வருதே?"

"ஆமாண்ணே. அதுதானே வழக்கம்."

"எங்கம்மா முப்பத்தோரு வருஷம் கொழுந்தெடுக்க மலைக்குப் போனாங்க. ஒரு நாளாவது கூடைக்குள்ள செடியப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்களா?"

"அண்ணே, அது மெஷின். அதுக்கு எப்புடித் தெரியும்?"

"அதத்தான் சொல்றேன். மெஷினுக்கு எங்கம்மாவத் தெரியாது. இத மட்டும் ஸ்கிப் பண்ணுங்க. நான் கையால எழுதுறேன்."

எழுதினார். தட்டினால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கையில் விழும், செடி நிற்கும், முற்றிய இலையைத் தட்டினால் ஒன்றும் வராது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். ஆனால் நான் அடுத்த தடவை மெஷினை ஓடவிட்டதும் அது அவர் எழுதியதற்கு மேல் தன் ஃபைலை எழுதிவிட்டுப் போனது. ஆகவே ஒரு பட்டியல் வைத்தேன். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் மெஷின் அதைத் தொடாது. முதல் பெயர், தேயிலைச் செடி. ஒரே ஒரு பெயருக்கு ஒரு பட்டியலா என்று அப்போது சிரித்தேன்.

மறுநாள் காலை பட்டியலில் நாலு பெயர் இருந்தது. வாரக் கடைசியில் பத்தொன்பது. "அதையும் ஸ்கிப் பண்ணுங்க" என்பது அவருக்கு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. பேக்கரிக்காரர் உட்பட எல்லோரும் அவரை ஸ்கிப் என்றே கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பெயர்களோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் காரணம் எழுதிவைத்தார். "கூரைத் தகரம்: உடைத்தால் ஓட்டைகளோடுதான் விழவேண்டும். புதுத் தகரம் விழக்கூடாது." "பீலி: யாரும் உடைக்கக்கூடாது, மற்றவர்களுக்குத் தண்ணீர் வேண்டும்." "தொரை பங்களாக் கதவு: தட்டலாம். திறப்பது அவர்கள் இஷ்டம்." "கறுப்பு நாய்: யோசித்துக்கொண்டிருக்கிறேன்." கடைசியில் என் மெஷினுக்கு மிஞ்சியது கருங்கல் ஒன்றுதான். பட்டனை அமுக்கினால் மின்னலாக ஓடிவந்து, புதிதாக ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகும். பென்சன் எடுத்தவரைப் போல அது வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

கையால் எழுதுவது என்றால் உண்மையிலேயே கையால்தான். பஸ்ஸில் லெப்டொப்பைத் திறக்க இடமில்லை என்று மடியில் சீஆர் கொப்பி என்ற தடித்த நோட்டை வைத்து, அடைப்புக்குறி, மேற்கோள்குறி எல்லாவற்றோடும் பேனாவால் எழுதிக்கொண்டு வருவார். கட்டுகஸ்தோட்டைக்கு வந்து தட்டச்சு செய்வார். தெல்தோட்டை ரோட்டின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை. ஃபைல் வேலை செய்யாவிட்டால் நாங்கள் பிழையைத் தேடமாட்டோம், வளைவைத்தான் தேடுவோம்.

"அண்ணே, பதினேழாவது வரியில கமா இல்ல."

கொப்பியைப் பார்ப்பார். "அது கலஹாவுக்கு முந்தின வளைவு. எதிர்ல லொறி வந்துச்சு."

ரிஸ்னாவுக்குப் பொறுமை அவ்வளவாகக் கிடையாது. "இவரு எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு கலியாணம் முடிஞ்சி, புள்ளயும் ஸ்கூலுக்குப் பெய்த்திரும்" என்பாள். அவர் கோபிக்கமாட்டார். "புள்ளைக்கு விளையாட ஒண்ணு வேணும்ல" என்பார்.

இப்படி எட்டு மாதம் போனது. ஒரு நாள் காலையில் வந்து கதிரையில் உட்கார்ந்தவர் கொப்பியைத் திறக்கவில்லை. வத்தளையில் அவருடைய மச்சானுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, ஒரு இரும்புச் சாமான் கடை இருந்தது. அங்கே நம்பிக்கையான ஆள் ஒருவர் தேவை என்று தகவல் வந்திருந்தது. வீட்டில் அம்மா கேட்டுவிட்டாராம்.

"'எட்டு மாசமா எழுதுறேன் எழுதுறேன்னு போற. என்னத்த எழுதுறேன்னு நான் வந்து பாக்குறேன். பாத்துட்டு சொல்றேன், நீ கண்டியில இருக்கிறதா, வத்தளைக்குப் போறதான்னு.' அப்புடின்னு சொல்லிட்டாங்க தம்பி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வந்து பாருங்கன்னேன். எங்கம்மா சொன்னா சொன்னதுதான்."

ரிஸ்னா வரைவதை நிறுத்திவிட்டாள். கீழே பணிஸ் வெந்து வாசம் வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அவரை நான் எவ்வளவு கேலி செய்தாலும், அவர் போய்விட்டால் அந்த மாடிக்கு நான் எதற்கு ஏறி வரவேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். யோசிக்கவே பிடிக்கவில்லை.

ஸ்கிப் அண்ணன் குடும்பம் இருக்கும் தோட்டத்துப் பாடசாலையில் அந்த வாரச் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு எங்கள் மொட் விளையாட்டைக் காட்டுவதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. அதே சனிக்கிழமை காலை அம்மாவையும் வரச்சொல்வது என்று முடிவானது. ஸ்கிப் அண்ணன் ஒரே ஒரு திட்டம்தான் வைத்திருந்தார். "அம்மா மொதல்ல கொழுந்து எடுக்கட்டும். அது சரியா இருந்தா மத்தது எல்லாம் சரின்னு ஒத்துக்குவாங்க."

இனி என் பாவத்தைச் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. பாடசாலையில் யாராவது நிரலைத் திறந்து பார்த்தால் அந்தப் பட்டியல் மானத்தை வாங்கிவிடுமே என்று, அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பெயர்களை அகரவரிசையில் அடுக்கினேன். நீளமான காரணங்களை அழித்தேன். மிக நீளமான காரணம், பட்டியலில் முதன்முதலாகச் சேர்ந்த பெயரோடு இருந்தது. அதை அழித்தபோது பெயரும் சேர்ந்து போனதை நான் கவனிக்கவில்லை. பிறகு மெஷினை ஓடவிட்டேன். "ஒரு ஃபைல் எழுதப்பட்டது" என்று வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என் மெஷினுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறதே என்று மனம் குளிர்ந்தது. எந்த ஃபைல் என்று பார்க்கத் தோன்றவில்லை. அப்படியே லெப்டொப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமை அம்மா வந்தார். இஸ்திரி போட்ட நீலச் சேலை, மடியில் கைப்பை. கூடவே ஒன்றாக மலைக்குப் போய் ஒன்றாக ஓய்வு பெற்ற மூன்று சிநேகிதிகள். பிள்ளைகள் சுற்றி நிற்க, அவரை லெப்டொப்புக்கு முன்னால் உட்காரவைத்தோம். திரையில் பச்சைப் பசேலென்று மலை. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கவ்வாத்து பண்ணி ரொம்ப நாளாயிருச்சு போல."

ஸ்கிப் அண்ணனுக்கு முகமெல்லாம் பல். கவ்வாத்து வெட்டாததுபோல் செடிகளைக் கொஞ்சம் உயரமாக வைத்ததுகூட அவர் ஏற்பாடுதான். "பாத்தீங்களா, கண்டுபிடிச்சிட்டாங்க" என்று எங்களைப் பார்த்தார். பிறகு மவுஸை அம்மா கையில் கொடுத்து, "செடிக்கு நேரா வச்சு லேசா ஒரு தட்டு தட்டுங்கம்மா" என்றார்.

அம்மா தட்டினார். செடி இருந்த இடத்தில் செம்மண் தெரிந்தது. முழுச் செடியும் பைக்குள் போய்விட்டது.

அம்மா நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்தார். எடுத்த உடனே செய்த முதல் காரியம், திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தது.

"டேய், செடி வந்துருச்சுடா! வேரோட வந்துருச்சு! கணக்கப்புள்ள பாத்தா என்னாடா சொல்றது?"

"என்னாடி பண்ணித் தொலைச்ச?" என்றார் ஒரு சிநேகிதி, மலையில் மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளை நிற்கிறாரோ என்று அவரும் பின்னால் திரும்பிப் பார்த்தபடி.

ஸ்கிப் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணே, நேத்து அந்த லிஸ்ட்ட கொஞ்சம் சுத்தம் பண்ணேன்..."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பையிலிருந்து சீஆர் கொப்பியை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். "அஞ்சு நிமிஷம் இருங்கம்மா, இந்தா சரி பண்ணிர்றேன்" என்றார். ரிஸ்னா என் காதருகில், "நீங்க மனுஷனா?" என்றாள்.

ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. காலியான அந்தச் செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க கணக்கப்புள்ள இருக்காரா?"

"இல்லம்மா."

"தொர?"

"பங்களா இருக்கு. தொரைய இன்னும் எழுதல."

"அப்ப யாரும் ஏச மாட்டாங்க?"

"ஏச மாட்டாங்கம்மா. இருங்க, நான் சரி..."

"சும்மா இருடா."

அம்மா மவுஸைப் பிடித்தார். பக்கத்துச் செடிக்கு நேராக வைத்தார். தட்டினார். செடி வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. பிறகு அவர் நிறுத்தவில்லை. ஒரு நிரை முழுவதும் போனது. "இந்தா, இந்த மூலைச் செடிதான் என் முழங்கால கிழிச்சது" என்று ஒன்றைத் தேடிப்போய்ப் பிடுங்கினார். சிநேகிதிகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எனக்கு ரெண்டு செடி வையிடி!" என்று ஒருவர் கத்தினார். "மழையில நிக்கவச்சு கொழுந்து பத்தலன்னானே, அந்த மலையக் காட்டு தம்பி" என்று என்னிடம் கேட்டார் இன்னொருவர். எந்த மலை என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைக் காட்டினேன். அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று மலையும் மொட்டை. பிள்ளைகளுக்கு ஒரு தடவைகூட முறை வரவில்லை. நாலு பேரும் சிரித்த சிரிப்பில் ஒருவர் கதிரையை விட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். முப்பத்தொரு வருஷம் அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று, ஒரு செடிக்கும் வலிக்காமல் கொழுந்து எடுத்தவர் அவர். ஸ்கிப் அண்ணன் திறந்த கொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒரு வரியும் எழுதாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புறப்படும்போது அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "வத்தளைக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிர்றேன். நீ இவங்களோடயே இரு. ஆனா அடுத்த மாசம் நாங்க நாலு பேரும் வருவோம். அந்த மலையில மறுபடி செடி இருக்கணும்."

செடியை அன்றைக்கே சரிசெய்யவேண்டும் என்று அவரும் எங்களோடு கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினார். பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டேன். கலஹா தாண்டியதும் அவர் கொப்பியைத் திறந்து எழுத ஆரம்பித்தார். என்னை வேலையை விட்டு நீக்கும் கடிதம் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை மொட்டில் புதிதாக ஒரு பொருள் இருந்தது. பழைய தேயிலைச் செடி பழையபடி கொழுந்து மட்டும் தரும். அதற்குப் பக்கத்து மலையில் இன்னொரு செடி, பெயர் அம்மா செடி. தட்டினால் வேரோடு வரும். எனக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணே, இதுக்கு மெஷின் போதுமே! செடியத் தட்டினா செடி. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேல இதுதான்!"

"ஸ்கிப் பண்ணுங்க தம்பி. நான் எழுதிட்டேன்."

ஆத்திரத்தில் ஒரு சோதனை செய்தேன். மெஷினிலும் அதே ஃபைலை எழுதவைத்து, அவர் எழுதியதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினான்கு வரி. ஒரு புள்ளி, ஓர் அடைப்புக்குறிகூட வித்தியாசமில்லை.

"ஒரு எழுத்துக்கூட மாறலையேண்ணே. பின்ன எதுக்கு உக்காந்து கையால எழுதுனீங்க?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மெஷினுக்கு எங்கம்மாவத் தெரியாது" என்றார்.

பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வழக்கம்போல் காரணமும் இருந்தது. "அம்மா செடி: பிடுங்கட்டும்." அதற்குப் பிறகு அந்தப் பட்டியலை நான் சுத்தம் செய்ததில்லை.

கடைசியில் வத்தளைப் பக்கம் வேலைக்கு வந்தது நான்தான். தினமும் பஸ்ஸில் அவருடைய மச்சானின் கடையைத் தாண்டித்தான் போகிறேன். ரிஸ்னாவுக்குக் கலியாணமாகிவிட்டது, மடவளையில் இருந்தே வரைந்து அனுப்புகிறாள். ஸ்கிப் அண்ணன் அதே மாடியில், அதே கதிரையில் இருக்கிறார். கறுப்பு நாயைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

இந்த வாரம் அவருக்குப் பிறந்தநாள். நான் கேட்பதற்கு முன்பே என் ஃபோன் ஒரு வாழ்த்தை எழுதி, பக்கத்தில் ஒரு கேக்கையும் வைத்து, அனுப்பவா என்று கேட்டது. அண்ணே, அதை ஸ்கிப் பண்ணிவிட்டு, இவ்வளவையும் கையாலேயே எழுதியிருக்கிறேன். எங்காவது கமா விட்டுப்போயிருந்தால், அது வத்தளை பஸ்ஸில் எழுதியது.